கட்டையை வைத்தவர் எடுக்கட்டும்

விமான நிலையத்தில் வேலை என்றால் அந்தக் காலத்து ஸ்ரீரங்கத்தில் ஒரு மரியாதை உண்டு. அடையவளைஞ்சான் வீதியில் நான் சைக்கிளை எடுக்கும்போது, கோயில் கைங்கரியத்துக்குப் போகிற ஒருவர் நின்று, “பெருமாள் கருடன் மேலே எழுந்தருளறார், நீர் டகோட்டாவிலேயா? பாக்யசாலி ஓய்!” என்று கேலி பண்ணுவார். நானும் சிரித்து வைப்பேன். டகோட்டா விமானத்துக்குள் நான் ஏறியதெல்லாம் மூட்டை அடுக்கத்தான், அது கிளம்புவதற்குள் குதித்து இறங்கிவிட வேண்டும் என்று அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? காவேரிப் பாலம், மலைக்கோட்டை, ஜங்ஷன் எல்லாம் தாண்டிப் புதுக்கோட்டை ரோட்டில் மிதித்துப் போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

அறுபதுகளின் ஆரம்பம் அது. நான் லோடர். எங்களுக்குச் சம்பளம் கொடுத்தது விமானம் ஓட்டுகிற கம்பெனி அல்ல. வந்து நிற்கிற விமானத்துக்குத் தரைவேலை எல்லாம் பார்த்துக் கொடுக்கிற ஒரு ஏஜென்ட் கம்பெனி. முதலாளி திருச்சிக்காரர்தான். மெட்ராஸிலிருந்து காலையில் ஒரு விமானம் வரும். இங்கே நின்று கொழும்புக்குப் போகும். வந்த பெட்டிகளை இறக்க வேண்டும், போகிற பெட்டிகளை ஏற்ற வேண்டும். துணி பேல், தபால் மூட்டை, பூக்கூடை, ஒரு தடவை ஒரு முழு வீணை. படிக்கட்டைத் தள்ள வேண்டும், உள்ளே பெருக்க வேண்டும், வாந்தி எடுத்திருந்தால் துடைக்க வேண்டும். இதற்குத்தான் காக்கிச் சட்டையும் பித்தளை பில்லையும்.

காக்கிச் சட்டை எங்களுக்கு. நாங்கள் பெர்மனென்ட். எங்களோடு இன்னொரு கூட்டம் அதே மூட்டையைத் தூக்கியது. அவர்களுக்குச் சட்டையும் கிடையாது, பில்லையும் கிடையாது. காண்ட்ராக்ட் ஆட்கள். தலையில் துண்டு, இடுப்பில் மடித்துக் கட்டிய வேட்டி. ஒரே மூட்டையின் ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையை அவர் பிடிப்பார். என் முனைக்கு ஒரு கூலி, அவர் முனைக்கு அதில் பாதி. அந்தப் பாதியிலும் காண்ட்ராக்டர் தன் பங்கைக் கிள்ளிக்கொண்டுதான் கொடுப்பார். மழை மேகத்தால் விமானம் வராத நாளில் எங்களுக்குச் சம்பளம் உண்டு. அவர்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு போவார்கள். மேகம் வந்தது அவர்கள் குற்றமா? இதை அநியாயம் என்று யாராவது சொன்னீர்களா என்று கேட்காதீர்கள். கேன்டீனில் எங்களுக்கு பெஞ்சு, அவர்களுக்கு வாசல்படி என்று இருந்ததையே யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை.

அந்த ஆட்களில் ஒருவர் தொட்டியத்துக்காரர். என் வயதுதான். வெள்ளம் குத்தகை வாழையைக் கொண்டுபோன வருஷம், பெண்சாதியோடு புறப்பட்டு வந்து, நிலையத்துக்குப் பக்கத்தில் செம்பட்டில் ஒரு குடிசையில் இருந்தார். வாழைத்தார் தூக்கிப் பழகிய தோள். பேச்சு குறைவு, ஆனால் பேசினால் சுருக்கென்று இருக்கும். எங்களில் மீசை முளைக்காதவனைக்கூட அவர் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட வேண்டும், அது அங்கே எழுதாத சட்டம். நாங்கள் அவரைக் கூப்பிட்டது ‘ஏய் காண்ட்ராக்ட்’ என்று. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இல்லாமலா இருந்திருக்கும்?

இங்கே கட்டையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். விமானம் வந்து நின்றதும் அது உருண்டுவிடாமல் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைப்போம். திரும்பக் கிளம்பும்போது, விசிறி இரண்டும் பேய் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கையில், இறக்கைக்குப் பின்பக்கமாகக் குனிந்து போய்க் கட்டையை உருவ வேண்டும். உருவினதும் விமானிக்குத் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்ட வேண்டும். எனக்கு முந்திய காலத்தில் ஒருவர் வைத்த கட்டையை இன்னொருவர் உருவப் போய், இவன் எடுத்திருப்பான் என்று அவனும் அவன் எடுத்திருப்பான் என்று இவனும் நினைத்து, கடைசி நேரத்தில் அவசரமாக விசிறிப் பக்கம் பாய்ந்ததில் ஒரு ஆளின் கை போய்விட்டது. அதிலிருந்து லோடர்களுக்குள் ஒரு வழக்கம்: கட்டையை யார் வைத்தாரோ அவர்தான் எடுக்க வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தால்கூட இன்னொருவரிடம், “என் கட்டையை உன்கிட்ட ஒப்படைச்சுட்டேன்” என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கம்பெனி போட்ட விதி இல்லை இது. நாங்களே போட்டுக்கொண்டது. புதிதாக வருகிற காண்ட்ராக்ட் ஆளுக்கு முதல் நாளே பின்னந்தலையில் ஒரு தட்டுத் தட்டி இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். தொட்டியத்துக்காரருக்கும் அப்படித்தான் தட்டினார்கள்.

எங்களுக்குச் சங்கம் இருந்தது. செயலாளர் சரக்கு ஆபீசில் குமாஸ்தா. வாயைத் திறந்தால் அடுக்கடுக்காக வரும். கேட்கிறவன் வேலையை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போய்விடுவான், அப்படி ஒரு பேச்சு. எங்களில் இரண்டு பேர் ஓய்வு பெறுகிற சமயம் வந்தது. அந்த இடங்களுக்கு இனி பெர்மனென்ட் ஆள் கிடையாது, காண்ட்ராக்ட் ஆள்தான் என்று கம்பெனி சொல்லிவிட்டது. இன்றைக்கு இரண்டு இடம் என்றால் நாளைக்கு எல்லா இடமும்தானே? கேட் வாசலில் நின்று “காண்ட்ராக்ட் முறை ஒழிக!” என்று தொண்டை கிழியக் கத்தினோம்.

தொட்டியத்துக்காரர் அன்றைக்கு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “ஒழிக ஒழிகன்னு கத்துறீங்களே அண்ணே, ஒழிஞ்சதுக்கப்புறம் நாங்க எங்க போறது?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. செயலாளரிடம் கொண்டுபோனேன். “முறையைத்தான் ஒழிக்கிறோம், ஆளை இல்ல. அவங்களும் தொழிலாளிதானே? காலம் வரும்போது சேர்த்துக்குவோம்னு சொல்லுங்க தோழரே” என்றார். சொன்னேன். காலம் எப்போது வரும் என்று தொட்டியத்துக்காரரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பேச்சுவார்த்தையில் கம்பெனி மசியவில்லை. வேலைநிறுத்தம் என்று முடிவாயிற்று. செயலாளர் போட்ட திட்டம் இது: விமானம் வரட்டும், பெட்டிகளை இறக்கிக் கொடுத்துவிடலாம், பிரயாணிகளுக்குத் தொந்தரவு வேண்டாம். கொழும்புச் சரக்கு ஏற்றுகிற நேரத்தில் அவர் விசில் ஊதுவார், அத்தனை பேரும் அப்படியே விட்டுவிட்டு வேலி ஓரத்து வேப்பமரத்தடிக்கு வந்துவிட வேண்டும். எனக்கு உள்ளுக்குள் சந்தேகம். காண்ட்ராக்ட் ஆட்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஏற்றினால்? அவர்களை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு என்ன வாய் இருந்தது? ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது அவர்களுக்கு.

அன்று காலை டகோட்டா வந்து நின்றதும் கட்டை வைத்தது நான். பெட்டிகளை இறக்கினோம். விசில் கேட்டது. அப்படி அப்படியே விட்டுவிட்டு மரத்தடிக்குப் போனோம். நினைத்த மாதிரியே காண்ட்ராக்டர் ஓடி வந்து தன் ஆட்களை விரட்டினார். அவர்கள் எங்கள் பக்கம் பார்க்காமல் மூட்டையைத் தூக்கினார்கள். எங்களில் சிலர் இங்கிருந்தே அசிங்கமாகத் திட்டினார்கள். கருங்காலி என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரை யார் கருங்காலி என்கிறது? வாசல்படியில் உட்காரவைத்தபோது தொழிலாளியாகத் தெரியவில்லை, இப்போது மட்டும் தெரிகிறதா?

சரக்கு ஏறியது. பிரயாணிகள் ஏறினார்கள். கதவு சாத்தியாயிற்று, படிக்கட்டையும் தள்ளியாயிற்று. விசிறி இரண்டும் சுற்ற ஆரம்பித்தன. செயலாளர் முகம் செத்துப்போயிருந்தது. இன்னும் ஒரு நிமிஷத்தில் விமானம் போய்விடும், நாங்கள் மரத்தடியில் நின்ற கோமாளிகளாகிவிடுவோம். எங்கள் கம்பெனி டியூட்டி ஆபீசர் கையை நீட்டித் தொட்டியத்துக்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். ஆபீசர் மறுபடி கத்தினார். அவர் எங்கள் பக்கம் கையைக் காட்டினார், சரியாக என்னை.

என்ன பேசிக்கொண்டார்கள் என்று பிற்பாடு அங்கே நின்ற இன்னொரு காண்ட்ராக்ட் ஆள் சொன்னார். “கட்டைய எடுடா” என்றிருக்கிறார் ஆபீசர். “வெச்சவரு அங்க நிக்கிறாரு சார். அவரு வந்து எடுக்கணும், இல்லாட்டி எங்கிட்ட ஒப்படைக்கணும். நான் எடுக்கக் கூடாதுங்க” என்றிருக்கிறார் இவர். “நான் சொல்றேன், எடு!” “நீங்க வெக்கலையே சார்.” அவர் எடுக்காததைப் பார்த்து மற்ற ஆட்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். காண்ட்ராக்டர் கெட்ட வார்த்தையில் இறங்கினார். அதற்கும் அவர் நகரவில்லை.

கடைசியில் ஆபீசரே வெள்ளைப் பேன்ட்டோடு குனிந்து இறக்கைக்கு அடியில் போனார். அதுவும் முன்பக்கமாக! சுற்றுகிற விசிறிக்கு நேரே ஒரு ஆள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வருவதை மேலிருந்து பார்த்த விமானிக்குக் குலை நடுங்கியிருக்கும். சட்டென்று இரண்டு எஞ்சினையும் அணைத்துவிட்டார். இறங்கி வந்து ஆபீசரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். வேலை தெரிந்த ஆள் வராமல் விமானத்தை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பிரயாணிகள் எல்லாம் இறங்கி வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு அம்மாள் கொழும்பில் கல்யாணம் என்று அழுதார். முதலாளிக்குப் போன் பறந்தது. மத்தியானத்துக்குள் சங்கத்தைப் பேசக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜெயித்தோம். ஓய்வு பெறுகிறவர்கள் இடத்துக்குப் பெர்மனென்ட் ஆளே போடப்படும்; வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்ட சங்க உறுப்பினர் யார் மேலும் நடவடிக்கை இல்லை. மரத்தடியில் செயலாளருக்கு மாலை போட்டுத் தூக்கிக்கொண்டார்கள். தோள்மேல் இருந்தபடியே அவர், “காண்ட்ராக்ட் தோழனும் களத்திலே நம் பக்கம் நின்றான்! இது வர்க்க ஒற்றுமை!” என்று முழங்கினார். கைதட்டல் வேலியைத் தாண்டிக் கேட்டிருக்கும். நான் போய் என் கட்டையை எடுத்தேன், விமானம் போயிற்று. தொட்டியத்துக்காரர் என்னைப் பார்த்து, “எடுத்துட்டீங்களா அண்ணே? சரி” என்றார். வர்க்கமும் தெரியாது, ஒற்றுமையும் தெரியாது அவருக்கு. நாங்கள் சொல்லிக் கொடுத்ததை எங்களுக்கும் அவருக்கும் பொது என்று நம்பிவிட்டார்.

மறுநாள் காண்ட்ராக்டர் கேட்டிலேயே அவரை மறித்து, “நாளையிலேருந்து வராத. இன்னிக்கும் வேணாம், போ” என்று அனுப்பிவிட்டார். அந்த வாரமே அவர் இடத்தில் வையம்பட்டியிலிருந்து ஒருவர் வந்து மூட்டை தூக்கினார். பாவம், யார் இடம் என்றுகூட அவருக்குத் தெரியாது.

நான் நேரே செயலாளரிடம் போனேன். “அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லணும். அவரு நின்னதாலதானே நாம ஜெயிச்சோம்?”

“மனசு கேக்கலதான் தோழரே. ஆனா அவர் உறுப்பினர் இல்லையே? விதியில இடம் இல்ல.”

“நேத்து மாலையோட நின்னு களத்துல நம்ம பக்கம்னீங்களே, அது எந்த விதியில இருந்தது?”

“அது மேடைப் பேச்சு. ஒப்பந்தத்துல உறுப்பினர்னு போட்டுக் கையெழுத்தும் ஆயிடுச்சு. வேணும்னா பொதுக்குழுவுல நீங்க கொண்டுவாங்க, நான் தடுக்கல” என்றார். தடுக்கமாட்டாராம்! என்ன தாராள மனசு! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து நானே குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

ஆனாலும் ஒரு வழி தெரிந்தது. இரண்டு இடம் காலியாகப் போகிறதே, அதில் ஒன்றை அவருக்குக் கொடுக்கச் சொல்லிச் சங்கம் சிபாரிசு செய்தால்? சங்கம் சொல்கிற ஆளை எடுப்பதாக முதலாளியே ஒத்துக்கொண்டிருந்தார். காண்ட்ராக்டர் முகத்தில் விழிக்காமலே அவர் காக்கி போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிடலாம். அதைச் சொல்லச் செம்பட்டுக்குப் போனேன்.

குடிசைக்கு முன்னால் அவர் பெண்சாதி வாழையிலை நறுக்கிக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ஜங்ஷன் பக்கத்து ஓட்டல்களுக்குப் போடுகிற இலை. புருஷனுக்கு வேலை போன பிறகு அந்த இலைக்கட்டுதான் வீட்டை ஓட்டியது. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் கத்தியைக் கீழே வைக்காமலே பேசினார்.

“நீங்க எல்லாரும் வேல செய்யாம நின்னீங்க. அதுக்குப் பேரு ஸ்டிரைக்குன்னாங்க, மாலை போட்டாங்க. இவரு ஒரு தடவ நின்னாரு, வேல போச்சு. இதுக்குப் பேரு என்னங்க? உங்க சங்கத்துல கேட்டுச் சொல்லுங்களேன்.”

“சும்மா இருடி. அண்ணன் நமக்காகத்தான வந்திருக்காரு” என்றார் குடிசை வாசலில் நின்ற தொட்டியத்துக்காரர்.

“இரு இருன்னா எத்தன நாளைக்கு இருக்கிறது? இந்த மாசமும் ஒண்ணும் ஆவலன்னா ஊருக்கே போயிடலாம். அங்க குத்தக குடுக்க ஆளில்ல, இங்க மூட்ட குடுக்க ஆளில்ல.”

அவர் என்னோடு ரோடு வரைக்கும் வந்தார். “அந்த இடம் கெடைக்கும்ங்கிறீங்களா அண்ணே?” என்று கேட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம், பாலக்கரையில் சங்க ஆபீஸ், உறுப்பினர் இல்லாதவரை உள்ளே விடமாட்டார்கள், வெளியே வந்து நில்லுங்கள், முடிந்ததும் சொல்கிறேன் என்றேன். “வந்துடறேன்” என்றார்.

சங்க ஆபீஸ் என்பது ஒரு மாவு மில்லை ஒட்டிய அறை. மில் ஓடுகிற நேரத்தில் உள்ளே பேசுவது தெருவில் நிற்பவனுக்குக் கேட்காது, நாங்களே ஒருவர் காதில் ஒருவர் கத்த வேண்டும். அன்றைக்கும் மில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் முறை வந்ததும் எழுந்து கத்தினேன். அவர் நிற்காவிட்டால் நமக்கு இந்த இரண்டு இடமே இல்லை, அதில் ஒன்றை அவருக்குக் கொடுப்பதுதான் நியாயம், அவருக்கு வேலையும் தெரியும் என்றேன். அந்த அம்மாள் கேட்டதையும் அப்படியே கேட்டேன். வேலை செய்யாமல் நின்ற நமக்கு மாலை. நின்ற அவருக்கு என்ன?

முதல் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். மரத்தடியில் எல்லாரையும்விட உரக்கக் கைதட்டியவர் அவர்தான். “இன்னிக்கு ஒரு காண்ட்ராக்ட்காரன உள்ள விட்டா நாளைக்கு அத்தன பேரும் வரிசையில நிப்பான். நம்ம புள்ளைங்க, மச்சான், மாமன் எல்லாம் எங்க போறது?” என்றார். அவருடைய மச்சினன் ஒருவன் வேலையில்லாமல் இருந்தது அங்கே எல்லாருக்கும் தெரியும். பொருளாளருக்கும் ஒரு தம்பி இருந்தான். ஓகோ, இடம் இரண்டும் ஏற்கெனவே போய்விட்டதா! “அப்ப காண்ட்ராக்ட் முறை ஒழிகன்னு எதுக்குய்யா கத்தினீங்க? உங்க மச்சினனுக்கா?” என்று கேட்டேன். உட்காருங்க உட்காருங்க என்றார்கள்.

செயலாளர் ஓட்டுக்கு விட்டார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். நான் தூக்கினேன். என்னோடு தினம் ஒரே மூட்டையைத் தூக்குகிறவர்கள் அத்தனை பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர், கட்டையை என்னிடம் எத்தனையோ தடவை ஒப்படைத்தவர், “எனக்கும் மனசு இல்லாம இல்லப்பா” என்று என் காதில் சொன்னார். மனசு இருந்தால் கை எங்கே போயிற்று?

“தீர்மானம் தோற்றது. அடுத்த விஷயம், ஆயுத பூஜை” என்றார் செயலாளர். பொரி, கடலை, படிக்கட்டுக்கும் தள்ளுவண்டிக்கும் சந்தனம், வாழைக்கன்று, ஆளுக்கு இவ்வளவு வசூல். இந்த வருஷம் ஜெயித்த வருஷம், இனிப்பும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். முகங்களெல்லாம் மலர்ந்துவிட்டன.

அப்போதுதான் தெருப்பக்கத்து ஜன்னலில் அவரைப் பார்த்தேன். செம்பட்டு பஸ் தாமதம் போல, வேர்க்க விறுவிறுக்க வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சலவைச் சட்டை போட்டிருந்தார். பின்னால் அந்த அம்மாளும் நின்றார். மில் சத்தத்தில் உள்ளே பேசுவது ஒன்றும் அவர்களுக்குக் கேட்டிருக்காது.

“ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்” என்றார் செயலாளர்.

ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை கையும் சட்டென்று மேலே போயிற்று. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தொட்டியத்துக்காரர் அதைப் பார்த்தார். திரும்பிப் பெண்சாதியிடம் ஏதோ சொன்னார். பிறகு கம்பியை விட்டுவிட்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, எங்கள் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார்.

நான் எழுந்து வெளியே போனேன். நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.